மாமா கேட்ட இடம்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் கல் அறுக்கும் பட்டறையில் இன்றைக்கு பி.டெக் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். சித்தூரில் புதிதாகக் கட்டின வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள், சமையல் மேடைக் கல்லில் பாதி என் பட்டறையில் அறுத்ததாக இருக்கும். குப்பத்திலிருந்து கல் ஏற்றி வரும் லாரியில் கிளீனராக ஏறினவன் நான். பிறகு அந்த லாரியையே வாங்கினேன். யார் கையைப் பிடித்தும் மேலே வரவில்லை. இந்த ஊரில் ஆகாத காரியம் ஒன்று இருந்தால் என்னிடம் வருவார்கள், ஆகும்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்படிப்பட்ட என்னிடம் ஒரு மனிதர் தன் ஆயுளில் ஒரே ஒரு காரியம் கேட்டார். என்னால் ஆகவில்லை. ஆகவில்லை என்று சொல்வதும் சரியில்லை. அது என் கையில்தான் இருந்தது.

கேட்டவர் என் மாமா, என் அக்காவின் கணவர். பதினேழு வருஷம் பட்டாளத்தில் லாரி ஓட்டினார். ஹவில்தாராக வெளியே வந்தபின் அரசு பஸ்ஸில் டிரைவர். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே தினம் போய் வந்தார். ரிட்டயர் ஆகிற நாள்வரை ஒரு நாய்க்குட்டி மேல்கூட ஏற்றினதில்லை.

பட்டாளத்தில் காலையில் வண்டியை எடுக்குமுன் டிரைவர் அதைச் சுற்றி வந்து டயர், எண்ணெய், தண்ணீர், விளக்கு எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமாம். அதற்கு ‘பர்ஸ்ட் பரேடு’ என்று பெயர். மாமா அந்தப் பழக்கத்தை விடவே இல்லை. பஸ்ஸுக்கும் செய்தார், வீட்டுக்கும் செய்தார். மகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாசலில் நிற்க வைத்து, ஷூ, பை, தண்ணீர் பாட்டில், கைக்குட்டை என்று சுற்றி வந்து பார்ப்பார். அவளுக்குத் தலை பின்னிவிடுவதும் அவர்தான்.

“இன்னாது இது சடையா? லாரியில மூட்டைக்குக் கயிறு கட்னா மாதிரி கீது,” என்பாள் அக்கா.

“சாயந்திரம் வரைக்கும் அவுருதான்னு பாரு. அப்பறம் பேசு,” என்பார்.

அவிழாது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி, அவளே திருப்பதியில் ஒரு கவர்ன்மென்ட் பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிட்டாள். இன்னும் அப்பா பின்னின மாதிரி இறுக்கித்தான் பின்னிக்கொள்கிறாள்.

பட்டாள கேன்டீனில் கிடைக்கும் ரம்மை மாமா தொட்டதில்லை. அது எனக்குத்தான் வரும். கூடவே ஒரு பிரசங்கமும் வரும். நாங்கள் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். எங்கள் வீட்டில் பிரசங்கத்துக்குப் பஞ்சமில்லை.

கடைசி இரண்டு வருஷம் அவருக்குக் கிட்னி இரண்டும் வேலை செய்யவில்லை. அக்காவும் அவரும் சித்தூர் வீட்டைப் பூட்டிவிட்டு, திருப்பதியில் அலிபிரி போகிற ரோட்டில் இருந்த மகள் வீட்டுக்குப் போனார்கள். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அதில் ஒரு நாள் நான் போய்விடுவேன், என் பெரிய காரில். மாமா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வெளியே வந்தால் நேரே காருக்குள் ஏறமாட்டார். கைத்தடியால் நான்கு டயரையும் தட்டிப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வருவார். ரோட்டில் மலைக்கு நடந்து போகிறவர்கள்கூட நின்று பார்ப்பார்கள்.

“பின்னாடி லெப்ட்ல காத்து கம்மி,” என்பார் என் டிரைவரிடம்.

“காலையில தான் புடிச்சேன் சார்.”

“புடிச்சது யாரு, நீயா உன் மாமனாரா? போய் மறுபடி பாரு.”

பார்த்தால் கம்மியாகத்தான் இருக்கும்.

அப்படி ஒரு புதன்கிழமை, ஆஸ்பத்திரியில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கையில் இரண்டு குழாய். ரத்தம் வெளியே போய் மெஷினில் சுற்றித் திரும்பி வந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, மண்டல் ஆபீஸில் ஒருவனுக்கு நான் பட்டா வாங்கிக்கொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

“மச்சான், ஒண்ணு கேக்கணும் உன்னை.”

“சொல்லு மாமா.”

“நான் பூட்டா, பையனத் தொறந்து என்னை அதுல வெக்கக் கூடாது. வேற எடம் பாரு. அந்தத் தோட்டத்துக்குள்ள எந்த மூலையானாலும் சரி.”

எனக்கு உடனே புரிந்தது. ஆனால் வெளி ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் சபையின் கல்லறைத் தோட்டம் வெள்ளைக்கார மிஷனரிகள் காலத்தது. இடம் நிறைந்து பல வருஷம் ஆகிறது. அதனால் கமிட்டி ஒரு விதி போட்டிருக்கிறது. புதுக் குழி கிடையாது. ஏற்கெனவே குடும்பக் கல்லறை இருப்பவர்கள் அதையே திறந்து, உள்ளே கிடைக்கிற எலும்பை ஒரு வெள்ளைத் துணியில் கட்டிக் குழியின் ஓரத்தில் வைத்து, அதற்கு மேல் புதுப் பெட்டியை இறக்கிக்கொள்ள வேண்டும். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். யாருக்கும் மனக்குறை இல்லை.

மாமாவுக்கு அந்தத் தோட்டத்தில் இருந்தது ஒரு சின்னக் கல்லறை. அவருடைய மூத்த பிள்ளை, ஆறு வயதுப் பையன், ஐம்பது வருஷத்துக்கு மேல் அதில் இருக்கிறான்.

“போன வருஷம் நம்ம கண்டக்டர் செத்தப்போ போயிருந்தேன்,” என்றார் மாமா. “அவங்க அம்மா குழியத் தொறந்தாங்க. வெட்டறவன் மண்வெட்டியால தலையைத் தூக்கி மேட்டுல வெச்சான். எல்லாரும் பாத்துக்கினு நின்னாங்க. அன்னிக்கி ராத்திரியில இருந்து எனக்குச் சோறு எறங்கல மச்சான்.”

குழாய் போட்டிருந்த கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

“எம் புள்ள மூஞ்சிய நான் பாக்கல. நான் பாக்காத மூஞ்சிய குழி வெட்டறவன் பாக்கக் கூடாது. அவன் மேல நான் ஏறிப் படுக்கவும் மாட்டேன்.”

“இது ஒரு பெரிய விஷயமா மாமா? நான் பாத்துக்கறேன், வுடு,” என்றேன். எத்தனையோ பேரிடம் எத்தனையோ முறை சொன்ன வார்த்தை அது.

அவர் ஏன் அந்த முகத்தைப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதில் என் கை இருக்கிறது.

பையனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது நல்ல கோடையில். மூன்றே நாள். மாமா அப்போது வடகிழக்கே எங்கேயோ மலையில் இருந்தார். பிணத்தை வைத்திருக்க அந்தக் காலத்தில் என்ன இருந்தது? சாயந்திரமே அடக்கம் செய்துவிட்டோம். மறுநாள் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள், தந்தி எப்படிக் கொடுப்பது என்று. செத்துவிட்டான் என்று கொடுத்தால், கையில் துப்பாக்கி வைத்திருக்கிற மனுஷன், தனியாக என்ன செய்துகொள்வானோ. தவிர, அடக்கம்தான் முடிந்துவிட்டதே என்று லீவு தராமல் போனாலும் போவார்கள். ‘சீரியஸ்’ என்று கொடுத்தால் உடனே அனுப்புவார்கள். பட்டாளத்தில் ஆள் இருக்கிற எல்லா வீட்டிலும் அப்படித்தான் கொடுப்பார்கள். அது ஒரு மரியாதை மாதிரி. வீடு வந்து சேரட்டும், அழுவதற்கு நாலு பேர் இருக்கிற இடத்தில் தெரிந்துகொள்ளட்டும் என்று.

பதினேழு வயது எனக்கு. தபாலாபீசுக்குப் போனவன் நான்தான். ‘மகன் சீரியஸ், உடனே புறப்படவும்’ என்று எழுதச் சொன்னேன். கிளார்க் இங்கிலீஷில் எழுதிக்கொடுத்ததை, எனக்கு வாசிக்கத் தெரியாது என்று காட்டிக்கொள்ளாமல், தலையாட்டி வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். பெரிய வேலை செய்துவிட்ட நினைப்போடு வீட்டுக்கு வந்தேன்.

எல்லாரும் சீரியஸ் என்றே கொடுத்தால் பட்டாளத்தில் அதை யார் நம்புவார்கள்? மாமாவின் அதிகாரி சிரித்தாராம். வாரத்துக்கு இந்த மாதிரி நான்கு தந்தி வருகிறது, போலீஸ் விசாரித்து எழுதட்டும் என்று சொல்லிவிட்டார். பையன் போன பதினாலாம் நாள் மாமா காட்பாடியில் ரயில் மாறி சித்தூரில் வந்து இறங்கினார். ஸ்டேஷனுக்கு நான் போயிருந்தேன். டிரங்குப் பெட்டியில் குளுக்கோஸ் டப்பா நான்கு, ஒரு கூடை ஆப்பிள். பட்டாளத்துச் செருப்புத் தொழிலாளியிடம் சொல்லித் தைத்த, சாண் நீளத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ்.

“எப்டிடா கீறான்?”

“தூங்கறான் மாமா,” என்றேன்.

சைக்கிள் ரிக்‌ஷாவில் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பையனுக்கு ஒரு மாசம் லீவில் நீச்சல் கற்றுத்தரப் போகிறாராம். வீட்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். நான் ரிக்‌ஷாக்காரனிடம் இடது பக்கம் போகச் சொன்னேன். அழுகிற வீட்டுக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போக எனக்குத் தைரியம் இல்லை. மண் இன்னும் படியாத கல்லறை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அவர் அழவில்லை. கூடையைக் கீழே வைத்தார். “மூஞ்சி எப்டி இருந்தது?” என்று மட்டும் கேட்டார்.

நான் சொன்னேன். கண் முழுக்க மூடவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னை ஒரு நாள், ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. லாரி வாங்கும்போது என்னோடு மூன்று ஊர் அலைந்து வண்டி பார்த்துக் கொடுத்தவர் அவர். என் மகன் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினவர். திட்டியிருந்தால் என் பாரம் கொஞ்சமாவது இறங்கியிருக்கும். அவர் திட்டவே இல்லை.

அதனால் கமிட்டிக்குப் போகும்போது நான் ஏதோ சும்மா போகவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பினது நான். கேட்டு போட்டது நான். வெள்ளைப் பலகைக் கல்லில் என் பேர் இருக்கிறது. செயலாளர் ரிட்டயர்டு தலைமை ஆசிரியர். வீட்டு வராந்தாவில் தெலுங்கு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“காதப்பா, அது முடியாது,” என்றார். “ரூலு ரூலுதான். உனக்குக் குடுத்தா நாளைக்கி சபையில எல்லாரும் வந்து நிப்பாங்க. ஒரு குழிக்கு எங்க போவேன்? என் தலைமேல தோண்டச் சொல்லவா?”

“சுவரு கட்டினவன் சார் நானு.”

“சுவரு கட்டின, அதுக்குத் தான் கேட்டு பக்கத்துலயே உனக்கு எடம் குடுத்தாச்சே. முன்வரிசை. யாருக்குக் கெடச்சுது?”

அது உண்மைதான். விதி வருவதற்கு முன்னால் கமிட்டி எனக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தது. நுழைந்ததும் கண்ணில் படுகிற இடம். நான் உயிரோடு இருக்கும்போதே அதைச் சுற்றிச் செங்கல் கட்டி, மேலே குப்பத்துக் கருங்கல் போட்டிருக்கிறேன். பாலிஷ் என்றால் அப்படி ஒரு பாலிஷ், முகம் பார்த்துத் தலை சீவலாம். பேர், பிறந்த வருஷம், ஒரு வசனம், எல்லாம் வெட்டியாயிற்று. போகிற வருஷத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அங்கே போய் நிற்பேன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள். இப்போது அந்தப் பக்கம் போவதில்லை.

“உன் மாமா மேல அவ்ளோ பிரியம்னா அந்த எடத்தை அவருக்குக் குடு,” என்றார் செயலாளர். “கல்ல எடுத்துட்டு வேற கல்லு போடு. கல்லு உனக்கில்லாததா? நாளைக்கே நான் கையெழுத்துப் போடறேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அது எனக்குன்னு கட்டினது சார்,” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கேட்டுக்கு வெளியே வந்து காரில் ஏறினபோதும் அவர்மேல்தான் கோபமாக இருந்தது. என்மேல் வரவில்லை.

அடுத்த புதன்கிழமை மாமா கேட்டார்.

“இன்னா ஆச்சு மச்சான்?”

“நடந்துக்கினே கீது மாமா. கமிட்டின்னா நாலு பேரு, நாலு வாய். முடிச்சுடலாம்.”

“உன்னால ஆகாட்டா சொல்லிடு. நான் அந்த வாத்தியாருக்கு ஒரு லெட்டர் எழுதறேன்.”

“என்னால ஆகாததா?”

அவர் சிரித்தார். “அதானே,” என்று கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த வாரமும் அதே பதில் சொன்னேன். அதற்கடுத்த வாரமும். வீட்டுக்குப் போனதும் மனசுக்குள் அந்தக் கருங்கல்லைப் பெயர்ப்பேன், மறுபடி வைப்பேன். கேட்டுப் பக்கம் போகிறவர்கள் என் பேரைப் பார்க்காமல் போவதை நினைத்தால் கல் பழைய இடத்துக்கே வந்துவிடும். அது என்ன ஆசை என்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை. எழுபது வயதில் இருக்கிற ஆசைக்கெல்லாம் பேர் இருக்கிறதா?

நான்காவது புதன்கிழமை நான் கிளம்புவதற்குள் மகள் போன் செய்தாள். அவள் எனக்கு மருமகள் முறை, என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

“மாமா, நைனா பூட்டாரு,” என்றாள். “காப்பி குடிச்சாரு. கப்பை என் கையில குடுத்துட்டு அப்டியே சாஞ்சுட்டாரு.”

மத்தியானத்துக்குள் சித்தூர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஐஸ் பெட்டிக்கு நான்தான் ஏற்பாடு செய்தேன். அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள், வெகுநேரம் அந்தக் கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“இது எத்தினி நாளு தாங்கும்டா?”

“கரண்டு இருந்தா எத்தினி நாளானாலும் தாங்கும்க்கா.”

“அன்னிக்கி இது இருந்திருந்தா பதினாலு நாளும் வெச்சிருப்பேன்,” என்றாள்.

மறுநாள் காலை செயலாளர் ரிஜிஸ்தர் புத்தகத்தோடு வந்தார். பட்டாளத்தில் இருந்த வயசானவர்கள் நான்கு பேர் தொப்பி போட்டுக்கொண்டு வந்து விறைப்பாகச் சல்யூட் அடித்து, மாலை வைத்து, ஓரமாக நின்றார்கள். “குடும்பக் கல்லறைதானே? ஆளுங்கள அனுப்பட்டுமா?” என்று செயலாளர் அக்காவைக் கேட்டார்.

“இல்ல,” என்றேன் நான். வீடு நிறைய ஆட்கள். “முன்வரிசையில என் எடம். அத்த நான் மாமாவுக்குக் குடுக்கறேன்.” சொல்லும்போதே என் குரல் பெரிதாகத்தான் வந்தது. மறைக்கவில்லை.

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “இத்தத் தானேப்பா நான் அன்னிக்கே சொன்னேன்? மூணு வாரம் ஆச்சே. அப்ப எழுந்து போயிட்டயே.”

அக்கா என்னைப் பார்த்தாள்.

“நடந்துக்கினு கீதுன்னு சொன்ன அவருகிட்ட,” என்றாள்.

நான் ஐஸ் பெட்டியைப் பார்த்தேன்.

“நேத்து காலைல சொல்லியிருந்தா கேட்டுட்டுப் போயிருப்பாருடா.”

“அக்கா, இப்பவாவது...”

“நீ மூணு வாரம் யோசிச்ச எடம் அவருக்கு வேணாம். உன் கல்லுல நீயே படுத்துக்கோ.” சத்தம் போடவில்லை. அரிசியில் கல் பொறுக்கும்போது பேசுகிற மாதிரித்தான் பேசினாள். செயலாளரிடம் திரும்பினாள். “புள்ளகூடவே வெச்சிடலாம் சார்.”

“நைனா வேணான்னாரும்மா,” என்றாள் மகள்.

“அவரு சொல்வாரு. அந்தப் பையன் பொறந்து மூணு வாட்டி லீவுல வந்தாரு. மூணு வாட்டியும் இவரு யாருன்னு அவன் பழகறதுக்குள்ள பெட்டியத் தூக்கிக்கினு பூட்டாரு. ஒரு ராத்திரி அவன் பக்கத்துல நிம்மதியாத் தூங்கினாரா? போதும். எத்தினி வருஷம் அப்பனையும் புள்ளையையும் நான் தனித்தனியா வெச்சுக்கினு இருக்கறது?”

நான் அவள் பக்கத்தில் போய்க் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னேன். “குழி வெட்டறவன் பையன் மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னாருக்கா. அது ஒண்ணுதான் கேட்டாரு.”

“அப்ப நீ எறங்கு,” என்றாள். “நீ பாத்தவன்தானே.”

தோட்டத்துக்கு நான் முன்னாடியே போய்விட்டேன். இரண்டு பேர் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கழுத்தளவு போனதும் நிறுத்தச் சொன்னேன். கையை நீட்டி ஏறி வந்தார்கள். அதில் பெரியவனுக்குத் தெலுங்குதான், தமிழ் கலந்து பேசுவான்.

“சின்னப் புள்ளைங்கன்னா ஏமீ மிகலது பெத்தாயனா,” என்றான். “ஒண்ணும் மிச்சமிருக்காது. மண்ணோட மண்ணாப் பூடும். நீ எதுக்கு எறங்கற? இருதய ஆபரேசன் பண்ணவன்.”

“தள்ளிப் போய்த் திரும்பி நில்லு,” என்றேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். உள்ளே நின்றால் தலை மட்டும் வெளியே தெரியும். குனிந்தபோது மேலே இருந்த சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. மண்வெட்டி தொட எனக்கு மனசு வரவில்லை. கொத்துக் கரண்டியால், பிறகு கையாலேயே, தலைமாட்டுப் பக்கத்திலிருந்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். மேலே செம்மண். ஒரு முழம் போனதும் மண்ணின் நிறம் மாறியது. ஒரு ஆறு வயசுப் பையன் படுக்கிற நீளத்துக்கு, அகலத்துக்கு, கறுத்த மண். தொட்டால் மிருதுவாக, சலித்த மாவு மாதிரி இருந்தது. ஓரத்தில் ஆணிகள் இருந்த இடத்தில் துருப்பொடி. வேறெதுவும் இல்லை. முகம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் என் உள்ளங்கையை வைத்தேன். அந்த முகத்தைத் தெரிந்தவர்களில் மீதி நானும் அக்காவும்தான். அவர் ஒரு வருஷமாகப் பயந்த பயத்துக்கு அங்கே ஒன்றுமே இல்லை. குழி வெட்டுகிறவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எல்லாம் தெரிந்தவனுக்கு அது எப்படித் தோன்றும்?

பெட்டி வந்துவிட்டது. பாட்டுச் சத்தம் நெருங்கி வந்து, நின்றது. குழி ஓரத்தில் அக்காவின் செருப்பில்லாத கால் தெரிந்தது.

“கீறானா?” என்று கேட்டாள்.

‘கீறான்’ என்று சொல்லத்தான் வாய் போனது. அவள் சந்தோஷப்படுவாள் என்று.

“இல்லக்கா. மண்ணுதான் கீது.”

“நல்லாப் பாத்தியா?”

“கையால பாத்தேன்க்கா. ஒண்ணுமே இல்ல. கறுப்பா, ஒரு அளவுக்கு மண்ணு.”

போதகர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“அந்தக் கறுப்பு மண்ணுல ஒரு கை எடுத்துக்கினு மேல வா,” என்றாள்.

கையில் மண்ணை மூடி வைத்துக்கொண்டு ஒரு கையால் ஏற முடியவில்லை. குழி வெட்டுகிறவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு தோளைப் பிடித்து என்னைத் தூக்கி வெளியே விட்டார்கள். அக்கா இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். நான் போட்டேன். ஒரு பொடி கீழே விழவில்லை.

“பெட்டியத் தொறங்க,” என்றாள்.

அப்படி ஒரு முறை எங்கள் ஆராதனைப் புத்தகத்தில் இல்லை. போதகர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தரையைப் பார்த்தார். மகள்தான் முன்னால் வந்து மூடியைத் தூக்கினாள். மாமா சட்டைப் பொத்தானெல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு, பரேடுக்குத் தயாரான மாதிரி படுத்திருந்தார். அக்கா குனிந்து அந்த மண்ணை அவர் நெஞ்சின்மேல் வைத்தாள். அவர் கை இரண்டையும் எடுத்து அதன்மேல் மடித்து வைத்தாள். பிறகு, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி, அந்தக் கைகளின்மேல் மெதுவாக இரண்டு மூன்று தட்டு தட்டினாள்.

“இப்ப மூடுங்க,” என்றாள்.